டேட்டாபேஸுக்குள் பெரிய ஃபைல்கள்: அழித்த பிறகும் டிஸ்க் ஏன் குறைவதில்லை?

"அக்கா, பத்தாயிரம் ஸ்கேனை டெலீட் பண்ணிட்டேன். டிஸ்க் இன்னும் 98 சதவீதத்துலயே நிக்குது. வேக்கம் ஃபுல் ஓட்டிடவா?"

இரவு ஒன்பதரைக்கு வந்த அழைப்பு. பேசியது, வேலைக்குச் சேர்ந்து நான்கே மாதம் ஆன தம்பி. விண்ணப்பதாரர்களின் சான்றிதழ்களை ஸ்கேன் செய்து, அந்தப் படங்களை அப்படியே போஸ்ட்கிரெஸ் என்ற டேட்டாபேஸின் டேபிளுக்குள் போட்டு வைக்கும் மென்பொருள் அது. 200 ஜி.பி டிஸ்க்கில் அந்த ஒரு டேபிள் மட்டும் 150 ஜி.பி. "எதையும் தொடாதே, நான் லாகின் பண்றேன்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தேன்.

அவன் செய்ததில் தவறு எதுவும் இல்லை. அழித்தால் இடம் திரும்பி வரும் என்றுதான் எல்லோரும் நினைக்கிறோம்; போனில் வீடியோவை அழித்தால் அப்படித்தான் நடக்கிறது. டேட்டாபேஸ் அப்படி இயங்குவதில்லை. முதல் வாரத்திலேயே அவனுக்கு இதை உட்கார வைத்துச் சொல்லியிருக்க வேண்டும். அன்றிரவு அவனுக்குச் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன். விளக்கம் போஸ்ட்கிரெஸை வைத்து. மற்ற டேட்டாபேஸ்கள் எங்கே வேறுபடுகின்றன என்பதைப் பிறகு சொல்கிறேன். கட்டளைப் பெயர்களை உச்சரிப்பின்படி தமிழில் எழுதியிருக்கிறேன், தட்டும்போது ஆங்கிலத்தில் தட்டிக்கொள்ளுங்கள்.

முதல் வேலை: சரியான அளவுகோலை எடுங்கள்

புதியவர்கள் அதிகம் ஏமாறுவது இங்கேதான். டேபிளின் அளவைக் கேட்க பிஜி_ரிலேஷன்_சைஸ் என்ற ஃபங்ஷனைக் கூப்பிடுவார்கள். அது சில கே.பி என்று சொல்லும். "டேபிள் சின்னதுதானே, அப்புறம் டிஸ்க்கை எது தின்கிறது?" என்று வேறு எங்கெங்கோ தேடுவார்கள். அந்த ஃபங்ஷன் முதன்மை ஃபைலை மட்டும்தான் அளக்கிறது. உங்கள் படங்கள் அதில் இல்லை.

நீங்கள் கேட்க வேண்டியது பிஜி_டோட்டல்_ரிலேஷன்_சைஸ். படங்கள் இருக்கும் துணை டேபிள், வேகமாகத் தேட உதவும் இண்டெக்ஸ்கள் எல்லாம் சேர்ந்த கணக்கு அது. இண்டெக்ஸ்களை விட்டுவிட்டு வேண்டுமானால் பிஜி_டேபிள்_சைஸ். மொத்த டேட்டாபேஸுக்கு பிஜி_டேட்டாபேஸ்_சைஸ். எண்களை எம்.பி, ஜி.பி என்று படிக்க பிஜி_சைஸ்_ப்ரெட்டியால் சுற்றிக்கொள்ளுங்கள்.

ஒரே ஒரு படத்தின் அளவு தெரிய வேண்டுமா? ஆக்டெட்_லெங்த் அசல் அளவைச் சொல்லும். பிஜி_காலம்_சைஸ் சேமித்த அளவைச் சொல்லும். இரண்டும் ஏறக்குறைய ஒன்றாக இருந்தால் கம்ப்ரஷன் எதுவும் நடக்கவில்லை என்று அர்த்தம். ஜேபெக், பிடிஎஃப், ஜிப் போன்றவற்றுக்குப் பெரும்பாலும் அப்படித்தான் இருக்கும், ஏனென்றால் அவை ஏற்கெனவே அமுக்கப்பட்டவை.

ஒரு 5 எம்.பி படம் உள்ளே போகும்போது

போஸ்ட்கிரெஸ் டிஸ்க்கை 8 கே.பி பக்கங்களாகப் பிரித்து வைத்திருக்கிறது. ஒரு வரிசை ஒரு பக்கத்துக்குள் அடங்கியாக வேண்டும். பக்கம் தாண்டி நீளக் கூடாது. அப்படியானால் 5 எம்.பி படம் எப்படி உள்ளே போகிறது?

இதற்காக 2001-இல் வந்த 7.1 பதிப்பில் டோஸ்ட் என்ற ஏற்பாட்டைக் கொண்டுவந்தார்கள். ஒரு வரிசை சுமார் 2 கே.பி-யைத் தாண்டினால், அதிலுள்ள பெரிய மதிப்புகளை முதலில் அமுக்கிப் பார்க்கும். அப்படியும் அடங்கவில்லை என்றால் அந்த மதிப்பைச் சுமார் 2,000 பைட் துண்டுகளாக வெட்டி, கண்ணுக்குத் தெரியாத ஒரு துணை டேபிளில் வைத்துவிடும். உங்கள் டேபிளில் மிஞ்சுவது 18 பைட் சுட்டி மட்டும்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். வழக்கமான நிறுவலில் ஒரு துண்டு 1,996 பைட். 5 எம்.பி என்பது 52,42,880 பைட். வகுத்தால் 2,627 துண்டுகள். பக்கத்துக்கு நான்கு துண்டு வீதம் 657 பக்கங்கள். நீங்கள் ஒரே ஒரு இன்சர்ட் தட்டினீர்கள். உள்ளே 2,627 வரிசைகள் உருவாகி, ஒவ்வொன்றுக்கும் இண்டெக்ஸில் ஒரு பதிவும் விழுந்திருக்கிறது. இடம் என்று பார்த்தால் 5.13 எம்.பி-தான், வீணடிப்பு குறைவு. இந்தத் துண்டுகளின் எண்ணிக்கையை மட்டும் மனதில் வையுங்கள், அழிக்கும்போது இது திரும்பி வரும்.

இங்கே ஒரு நல்ல செய்தி. அதே வரிசையில் விண்ணப்பதாரரின் போன் நம்பரை மட்டும் மாற்றினால், படம் மறுபடி எழுதப்படுவதில்லை. பழைய சுட்டியே புதிய வரிசைக்கும் போகிறது. ஆனால் படத்தில் ஒரு பைட்டை மாற்றினாலும் 657 பக்கமும் புதிதாக எழுதப்படும், பழையது அப்படியே கிடக்கும்.

டேபிள் உருவாக்கும்போது கவனிக்க வேண்டியவை மூன்று. படத்தை பைட்-ஏ வகை ஃபீல்டில் வையுங்கள். பேஸ்64 ஆக்கி டெக்ஸ்ட்டில் வைக்காதீர்கள், அளவு மூன்றில் ஒரு பங்கு கூடிவிடும். ஏற்கெனவே அமுக்கிய ஃபைல்கள் என்றால் அந்த ஃபீல்டின் ஸ்டோரேஜை எக்ஸ்டர்னல் என்று மாற்றுங்கள். வீணாக அமுக்கிப் பார்க்கும் வேலை மிச்சம். இந்த மாற்றம் இனி வரும் ஃபைல்களுக்குத்தான், பழையவற்றைத் தொடாது. மூன்றாவது, ஃபைல்களுக்குத் தனி டேபிள் வைத்துவிடுங்கள். டோஸ்ட் ஏற்கெனவே தனியாகத்தானே வைக்கிறது என்று கேட்கலாம். யாரோ ஒருவர் எல்லா ஃபீல்டையும் கேட்கும் செலக்ட் ஸ்டார் போட்டால், பெயர்ப் பட்டியல் கேட்ட திரைக்கு 5 எம்.பி படங்கள் நூறு சேர்ந்து வந்து நிற்கும். தனி டேபிள் இருந்தால் அந்த விபத்து நடக்காது.

பைட்-ஏ ஒரு மதிப்புக்கு 1 ஜி.பி வரை அனுமதிக்கிறது. அந்த எல்லையை நெருங்கவே நெருங்காதீர்கள். எடுக்கும்போது முழு மதிப்பும் நினைவகத்தில் ஏறும், சர்வர் பக்கமும் உங்கள் நிரல் பக்கமும். பத்து எம்.பி-யைத் தாண்டினாலே நான் வேறு வழி தேட ஆரம்பித்துவிடுவேன்.

அழித்தால் உண்மையில் நடப்பது

ஒரு சோதனை டேபிளில் நீங்களே செய்து பாருங்கள், பத்து நிமிட வேலை. 5 எம்.பி படங்கள் நூறைப் போடுங்கள். பிஜி_ரிலேஷன்_சைஸ் 8 கே.பி காட்டும். பிஜி_டோட்டல்_ரிலேஷன்_சைஸ் 520 எம்.பி பக்கம் காட்டும். இப்போது முதலில் போட்ட ஐம்பதை அழித்துவிட்டு மறுபடி அளவு பாருங்கள். அசையாது.

காரணம் இருக்கிறது. நீங்கள் அழிக்கும் அதே நேரத்தில் வேறொருவர் அந்தப் படத்தைப் படித்துக்கொண்டிருக்கலாம். அவர் வாசிப்பு நடுவில் அறுந்துபோகக் கூடாது என்பதால், போஸ்ட்கிரெஸ் எதையும் உடனே துடைப்பதில்லை. "இது செத்துவிட்டது" என்று குறி மட்டும் போடுகிறது. யாருக்கும் இனி தேவையில்லை என்று உறுதியான பிறகு, வேக்கம் என்ற துப்புரவு வேலை வந்து அந்த இடங்களை "காலி, யாரும் எடுத்துக்கொள்ளலாம்" என்று பதிவு செய்கிறது.

அந்தக் காலி இடம் அதே டேபிளுக்குச் சொந்தம். ஆப்பரேட்டிங் சிஸ்டத்துக்குத் திரும்பப் போவதில்லை. சோதனையில் வேக்கம் ஓட்டிப் பாருங்கள். அளவு அப்போதும் அசையாது. பிறகு புதிதாக ஐம்பது படம் போடுங்கள். அளவு ஏறவும் ஏறாது, ஏனென்றால் புதியவை காலி இடங்களில் போய் அமர்ந்துவிட்டன. இதற்கு மாறாக, புதிதாக நூறு படம் போட்ட டேபிளில் கடைசியில் போட்ட ஐம்பதை அழித்துவிட்டு வேக்கம் ஓட்டினால் அளவு பாதியாக இறங்குவதைப் பார்க்கலாம். ஃபைலின் கடைசிப் பகுதி முழுக்கக் காலியாக இருந்தால் மட்டும் அதை வெட்டி டிஸ்க்குக்குக் கொடுத்துவிடும். நிஜ வாழ்க்கையில் நாம் அழிப்பது பழையவற்றை, அதாவது முன்பக்கத்தில் இருப்பவற்றை. அதனால்தான் இறங்குவதே இல்லை.

வேக்கம் தானாகவே ஓடும், ஆட்டோவேக்கம் என்ற பெயரில். ஆனால் இயல்பான அமைப்பில், செத்த வரிசைகள் டேபிளில் 20 சதவீதத்தைத் தாண்டினால்தான் அது வரும். 150 ஜி.பி டேபிளில் 10 சதவீதம் அழித்தால் 15 ஜி.பி, அது வராது, இடம் மறுபயன்பாட்டுக்கும் கிடைக்காது. அப்போது நீங்களே கையால் வேக்கம் ஓட்ட வேண்டும். ஓட்டியும் பலன் இல்லையென்றால், எங்கேயோ ஒரு டிரான்சாக்ஷன் (யாரோ தொடங்கிய வேலை) மணிக்கணக்கில் முடியாமல் தொங்குகிறதா என்று பிஜி_ஸ்டாட்_ஆக்டிவிட்டியில் பாருங்கள். அது முடியும் வரை துப்புரவு அதற்குப் பின் அழிந்த எதையும் தொடாது.

டிஸ்க் விளிம்பில் நிற்கும்போது

தம்பி கேட்ட வேக்கம் ஃபுல்லுக்கு வருவோம். பெயரைப் பார்த்தால் வேக்கத்தின் பெரிய அண்ணன் போல இருக்கிறது. வேலை முற்றிலும் வேறு. உயிருள்ள வரிசைகளை எல்லாம் ஒரு புதிய ஃபைலில் எழுதிவிட்டு, பழையதை அழிக்கும். அப்போதுதான் டிஸ்க்குக்கு இடம் திரும்பும். எழுதி முடியும்வரை பழையதும் புதியதும் ஒரே நேரத்தில் இருக்க வேண்டும். எங்களுக்கு உயிருள்ள தரவு 100 ஜி.பி, மிச்சம் இருந்தது 4 ஜி.பி. அது ஓடும் நேரம் முழுக்க டேபிளை யாரும் படிக்கக்கூட முடியாது. நடுவில் டிஸ்க் முட்டினால் மொத்த சர்வரும் விழலாம்.

அன்றிரவு நாங்கள் செய்தது அதைவிட எளிது. அவன் அழித்தது மூன்றில் ஒரு பங்கு, ஆகவே ஆட்டோவேக்கம் வந்திருக்க வேண்டும். பிஜி_ஸ்டாட்_ஆல்_டேபிள்ஸில் அந்த டோஸ்ட் டேபிளைத் தேடிப் பார்த்தோம், வேலையை முடித்திருந்தது. அப்படியானால் அந்த 150 ஜி.பி-க்குள் சுமார் 50 ஜி.பி காலி. நாளுக்கு 300 எம்.பி வீதம் படம் வருகிறது. ஐந்து மாதத்துக்கு மேல் இந்த டேபிள் ஒரு எம்.பி கூட வளராது. டிஸ்க் 98 சதவீதம் என்ற எண் பயமுறுத்தினாலும், அவனுடைய டெலீட் வேலை செய்திருந்தது. "போய்த் தூங்குடா" என்றேன்.

உங்களுக்கு அந்த நிலை வந்தால் இந்த வரிசையில் செல்லுங்கள்.

1. டி.எஃப் கட்டளையால் எந்த டிஸ்க் நிரம்பியது என்று பாருங்கள். டேபிள்தான் காரணமா, லாக் ஃபைல்களா, பழைய பேக்கப்பா என்று டி.யூ கட்டளையால் உறுதிசெய்யுங்கள்.
2. மாற்றங்களின் லாக் சேரும் பிஜி_வால் கோப்புறை பெருத்திருந்தால், அதிலிருந்து ஒரு ஃபைலையும் கையால் அழிக்காதீர்கள். அழித்தால் டேட்டாபேஸே எழாமல் போகலாம். நகல் சர்வருக்காக லாகைப் பிடித்துவைக்கும் ரெப்ளிகேஷன் ஸ்லாட்டை யாராவது உருவாக்கிவிட்டு மறந்தார்களா, லாகை வேறு இடத்துக்குப் பிரதியெடுக்கும் ஆர்க்கைவ் கட்டளை தோற்றுக்கொண்டிருக்கிறதா என்று பாருங்கள்.
3. மொத்தமாக அழிக்காதீர்கள்; இருநூறு, முந்நூறாக அழித்து, இடைவெளி விடுங்கள்.
4. இடம் டிஸ்க்குக்குத் திரும்பியே ஆக வேண்டும் என்றால், இன்னொரு டிஸ்க்கை இணைத்து, அதில் டேபிள்ஸ்பேஸ் (டேபிள்களை வைக்கும் இடம்) உருவாக்கி, தேவையான வரிசைகளை மட்டும் புதிய டேபிளில் எழுதி, பெயரை மாற்றிவிட்டுப் பழையதை டிராப் செய்யுங்கள். டிராப், ட்ரங்கேட் இரண்டும் இடத்தை உடனே திருப்பித் தரும்.

மூன்றாவதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். ஒவ்வொரு மாற்றமும் டேபிளுக்குப் போகுமுன் ரைட்-அஹெட் லாகில் எழுதப்படுகிறது; மின்சாரம் போனாலும் மீள்வதற்கு அதுதான் ஆதாரம். பத்தாயிரம் படங்களை அழித்தால் 2 கோடியே 62 லட்சம் துண்டுகளில் குறி போட வேண்டும். ஒரு செக்பாயிண்ட்டுக்குப் (மாறிய பக்கங்களை டேபிள் ஃபைல்களில் எழுதி முடிக்கும் கட்டம்) பிறகு முதன்முறை தொடப்படும் பக்கம் முழுசாக அந்த லாகில் போகும். அதாவது 50 ஜி.பி-யை அழிக்கப் போய், ஏறக்குறைய அதே அளவு லாக் எழுத நேரிடும். செக்பாயிண்ட் வந்து பழைய லாகைக் கழித்துக்கொண்டே இருக்கும் என்றாலும், ஆர்க்கைவோ ரெப்ளிகா என்ற நகல் சர்வரோ பின்தங்கினால் அது தேங்கும். இடம் விடுவிக்கப் போட்ட டெலீட்டே டிஸ்க்கை முட்டவைப்பது இப்படித்தான். அதற்காகவே எல்லா சர்வரிலும் 2 ஜி.பி இடத்தைப் பிடித்துவைக்கும் ஃபைல் ஒன்றைப் போட்டு வைக்கிறேன்; நெருக்கடியில் அதை அழித்தால் மூச்சுவிட இடம் கிடைக்கும்.

லார்ஜ் ஆப்ஜெக்ட் என்றொரு வழியும் உண்டு

பைட்-ஏ தவிர போஸ்ட்கிரெஸில் லார்ஜ் ஆப்ஜெக்ட் என்பதும் இருக்கிறது. ஒரு ஆப்ஜெக்ட் 4 டி.பி வரை போகலாம் (9.3 பதிப்பிலிருந்து), நடுவிலிருந்து கொஞ்சம் மட்டும் படிக்கலாம், எழுதலாம். எல்லாம் பிஜி_லார்ஜ்ஆப்ஜெக்ட் என்ற ஒரே சிஸ்டம் டேபிளில் குவியும். உங்கள் டேபிளில் இருப்பது அதன் எண் மட்டும்.

வரிசையை அழித்தால் எண்தான் போகும், ஆப்ஜெக்ட் போகாது. எல்ஓ_அன்லிங்க் கூப்பிட்டால்தான் போகும். ஜாவாவில் லாப் என்று குறித்த ஃபீல்டை, சில ஃப்ரேம்வொர்க் பதிப்புகள் உங்களுக்குச் சொல்லாமலே லார்ஜ் ஆப்ஜெக்டாக ஆக்கிவிடும். வருடக்கணக்கில் அனாதை ஃபைல்கள் சேரும். பிஜி_லார்ஜ்ஆப்ஜெக்டின் அளவை ஒருமுறை பாருங்கள். எதிர்பாராத எண் வந்தால் வேக்கம்எல்ஓ என்ற கருவியை முதலில் ஒத்திகை முறையில் ஓட்டி, எதையெல்லாம் நீக்கும் என்று பார்த்துவிட்டுப் பிறகு நிஜமாக ஓட்டுங்கள்.

மற்ற டேட்டாபேஸ்களில்

மையெஸ்கியூயெல்லின் இன்னோடிபி என்ற சேமிப்பு எஞ்சினில் பக்கம் 16 கே.பி. பெரிய மதிப்பு வெளியே தனிப் பக்கங்களுக்குப் போய், வரிசையில் 20 பைட் சுட்டி நிற்கும். பிளாப் என்று மட்டும் போட்டால் 65,535 பைட்தான் பிடிக்கும். மீடியம்பிளாப் 16 எம்.பி, லாங்பிளாப் 4 ஜி.பி. டெலீட் இங்கேயும் ஃபைலைச் சுருக்காது; ஆப்டிமைஸ் டேபிள் ஓட்ட வேண்டும், அதற்கும் கூடுதல் இடம் வேண்டும்.

எஸ்கியூலைட்டில் முழு டேட்டாபேஸும் ஒரே ஃபைல். அழித்த பக்கங்கள் அதனுள்ளேயே காலிப் பட்டியலில் சேரும். வேக்கம் ஓட்டினால் சுருங்கும், அதற்கு அசல் அளவைப் போல இரண்டு மடங்கு வரை காலி இடம் தேவைப்படலாம். சிறு படங்களுக்கு எஸ்கியூலைட் மிக நன்றாக வேலை செய்யும்: 10 கே.பி அளவுள்ள தம்ப்நெயில்களைத் தனித்தனி ஃபைல்களாக வைப்பதைவிடச் சுமார் 35 சதவீதம் வேகமாகப் படிக்க முடிந்ததாக அதை உருவாக்கியவர்களே அளந்து வெளியிட்டிருக்கிறார்கள்.

உள்ளேயா, வெளியேயா?

2006-இல் மைக்ரோசாஃப்ட் ரிசர்ச்சில் ரசல் சியர்ஸ், கேத்தரின் வான் இங்கன், ஜிம் கிரே மூவரும் எஸ்கியூயெல் சர்வர் டேட்டாபேஸையும் விண்டோஸின் ஃபைல் சிஸ்டமான என்டிஎஃப்எஸ்ஸையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். 256 கே.பி-க்குக் கீழே டேட்டாபேஸ் நன்று, 1 எம்.பி-க்கு மேலே ஃபைல் சிஸ்டம் நன்று, இடையில் எவ்வளவு அடிக்கடி மாற்றி எழுதுகிறோம் என்பதைப் பொறுத்தது என்பது அவர்கள் கண்டது. அன்றைய டிஸ்க்குகளில் எடுத்த அளவு அது. ஆனாலும் தொடக்கப் புள்ளியாக இன்றும் நான் அதைத்தான் எடுக்கிறேன்.

வேகத்தைவிட எனக்கு முக்கியமானது பேக்கப். உள்ளே வைத்தால் ஒரே பேக்கப்பில் எல்லாம் வரும், வரிசையும் படமும் ஒருபோதும் முரண்படாது. கையெழுத்துப் படம், சிறிய ரசீது போன்றவற்றுக்கு அந்த நிம்மதி பெரிது. அதே நேரம் பிஜி_டம்ப் என்ற பேக்கப் கருவியால் சாதாரண எழுத்து வடிவில் எடுத்தால் ஒவ்வொரு பைட்டும் இரண்டு எழுத்தாகும், 100 ஜி.பி படங்கள் 200 ஜி.பி ஆகும். மீட்டெடுக்க எத்தனை மணி நேரம் என்று ஒருமுறையாவது ஓட்டிப் பார்த்த பிறகு முடிவெடுங்கள்.

வெளியே வைப்பதென்றால் ஒழுங்கு முக்கியம். ஃபைலின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் ஷா-256 மதிப்பையே பெயராக வையுங்கள். ஒரே சான்றிதழை மூன்று முறை ஏற்றினாலும் ஒரு பிரதிதான் இருக்கும். அந்தப் பெயரின் முதல் இரண்டு எழுத்துகளில் துணைக் கோப்புறை அமைத்தால் லட்சக்கணக்கில் ஒரே இடத்தில் குவியாது. எழுதும்போது தற்காலிகப் பெயரில் எழுதி, எஃப்சிங்க் செய்து (டிஸ்க்கில் உறுதியாக எழுதவைத்து), பெயர் மாற்றி, அதற்குப் பிறகுதான் டேபிளில் வரிசை போட வேண்டும். அழிக்கும்போது தலைகீழ்: முதலில் வரிசை, சில நாள் கழித்து, வேறு எந்த வரிசையும் அதைச் சுட்டவில்லை என்று பார்த்துவிட்டு ஃபைல். பேக்கப் எடுக்கும்போது முதலில் டேட்டாபேஸ், பிறகு ஃபைல்கள். அப்போது பேக்கப்பில் உள்ள ஒவ்வொரு வரிசைக்கும் ஃபைல் இருக்கும். மாற்றி எடுத்தால், இடையில் வந்த படங்களுக்கு வரிசை இருக்கும், படம் இருக்காது. அழிப்பதைச் சில நாள் தள்ளிப்போடச் சொன்னதும் இதற்காகத்தான்.

எங்கள் சான்றிதழ் டேபிளை நாங்கள் உள்ளேயே வைத்துக்கொண்டோம், ஆனால் மாதவாரிப் பார்டிஷன்களாக, அதாவது மாதத்துக்கு ஒரு துண்டு டேபிளாகப் பிரித்தோம். அடுத்த மாதம் ஒரு புதிய டிஸ்க்கை இணைத்து, தேவையான வரிசைகளை மட்டும் அங்கே மாற்றினோம். காலாவதியான முதல் மாதத்தை நீக்கும் நாளில் தம்பியையே தட்டச் சொன்னேன். பேக்கப்பைச் சரிபார்த்தான், பார்டிஷனைக் கழற்றினான், டிராப் கொடுத்தான், டி.எஃப் தட்டினான். 9 ஜி.பி குறைந்திருந்தது.